குழாயைக் கிட்டத்தில் பிடியுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. சேலத்தில் ஒரு தோல் கிளினிக்கில் நாலு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். மரு, பாலுண்ணி எல்லாம் காட்டரியில் (மின்சாரத்தில் சூடாக்கிக் கருக்கும் கருவி) சுடும்போது தோலை இழுத்துப் பிடிப்பது நான்தான். ஏ.சி. அறை, ஜன்னல் திறப்பதில்லை. புகை நேராக முகத்துக்கு வருகிறது. சாயங்காலம் தலைவலி. வீட்டுக்குப் போனால் என் பையன், "அம்மா, உன் மேல முடி தீஞ்ச வாசனை வருது" என்கிறான். கேட்டால் வெறும் நீராவிதான் என்கிறார்கள். புகை உறிஞ்சும் மெஷின் மூலையில் உறை போட்டபடி இருக்கிறது. சத்தம் அதிகம் என்று ஓட்டுவதில்லை. நான் பயப்படுவது சரியா?
பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

பதில்: சரிதான் கண்ணு. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயிற்சிக் காலத்தில் உள்ளங்கால் மரு சுடும் நாட்களில் நானும் உங்களைப் போலத்தான் குனிந்து நின்றேன். தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை போகாது. அன்றைக்கு யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. அதனால் உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

நீராவி என்பது பாதி உண்மை. அந்தப் புகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீராவிதான். மிச்சம் ஐந்து பங்கில்தான் வினை இருக்கிறது: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு, கருகிய திசுவின் நுண்துகள்கள். மரு என்றால் இன்னொன்றும் உண்டு. மரு வருவதே ஒரு வைரஸால். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சூட்டில் கருக்கிய 7 உள்ளங்கால் மருக்களில் 4இன் புகையில் அந்த வைரஸின் டி.என்.ஏ. கிடைத்தது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட அறுவைகளில் அடிக்கடி உதவிய ஒரு நர்ஸுக்குக் குரல்வளையில் மரு வளர்ந்தது. அதைத் தொழில்வழி நோய் என்றே அங்கே ஏற்றுக்கொண்டார்கள். இது அபூர்வம், உங்களுக்கும் வந்துவிடும் என்று நினைத்து மருகாதீர்கள். ஆனால் தடுக்க வழி இருக்கும்போது ஏன் மூச்சில் இழுக்க வேண்டும்?

அந்த மெஷினின் உறையை எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே அல்பா என்ற வடிகட்டி இருக்கும். 0.12 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.999 சதவீதத்தை அது பிடித்துவிடும். வாசனையையும் வாயுக்களையும் கரி அடுக்கு பார்த்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு நல்ல மெஷினும் குழாய் தள்ளி இருந்தால் வீண். சுடும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் குழாய்வாய் இருக்க வேண்டும். என் உதவியாளரிடம் "இரண்டு விரற்கடை" என்று மட்டும் சொல்வேன். சரியாகப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும்: ஊசி முனையில் கிளம்பும் வெள்ளை இழை மேலே போகாமல் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து குழாய்க்குள் போகும். இழை நேராக எழும்பினால் குழாயை இன்னும் நெருக்குங்கள். ஃபேன் ஓடினால் அணைத்துவிடுங்கள், புகையை அது கலைத்துவிடும். மெஷின் ஓடும்போதே வாசனை வந்தால் வடிகட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது. பழையதைக் கையுறை போட்டுத்தான் கழற்ற வேண்டும், அதுவும் மருத்துவக் கழிவுதான்.

சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, கன்னத்தோரம் இடைவெளி விடும். என்95 நல்லது. அதுவும் குழாய்க்குத் துணைதானே தவிர மாற்று இல்லை.

சத்தத்துக்கு என்ன செய்வது? நோயாளி படுக்கும் முன்பே மெஷினைப் போட்டுக் காட்டி, "புகையை இழுக்கத்தான் இந்தச் சத்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என்னிடம் வருபவர்கள் அதற்கப்புறம் அதைக் கவனிப்பதே இல்லை. டாக்டரிடம் பேசத் தயங்கினால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். அதே புகையைத்தான் அவரும் சுவாசிக்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, காப்பித் தோட்ட வேலை. உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி, ஒரு வருஷத்தில் பெரிதாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய பேனா மாதிரி மெஷினில் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
கே.ஆர்., ஏற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம். கறுத்த தோல்காரர்களான நமக்கு மெலனோமா என்ற தோல் புற்று வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். சுட்டுவிட்டால் பரிசோதிக்க அங்கே எதுவும் மிஞ்சாது, வேர் மட்டும் உள்ளே இருந்துவிடும். எல்லாக் கரும்புள்ளியும் புற்று இல்லை. ஆனால் வளர்கிற புள்ளியை வெட்டியெடுத்துச் சோதித்துத்தான் முடிவு சொல்ல முடியும். இந்த வாரமே மலையிறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். அதுவரை சுண்ணாம்பு, காரம், அம்மான் பச்சரிசிப் பால் எதையும் அதன்மேல் வைக்க விடாதீர்கள். எப்போதிலிருந்து பெரிதாகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.