பதில்: படையே இல்லாத ஜகத் சேட் நவாபைக் கவிழ்த்தது எப்படி?

ஜகத் சேட்டுகள் பற்றிய உங்கள் கட்டுரை, 1757-இல் ஆங்கிலேயக் கம்பெனி வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவைத் தோற்கடித்த பிளாசிப் போரிலேயே சிக்கி நிற்கிறது, இந்த வட்டிக்கடைக்காரர் குடும்பத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாசியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நவாபின் தலைநகரான முர்ஷிதாபாத்தின் நாணயச்சாலையில் இருந்து தொடங்குங்கள்.

அப்போது வங்காளத்தில் அந்தந்த வருடம் புதிதாக அடித்த வெள்ளி நாணயமான சிக்கா ரூபாய்க்குத்தான் முழு மதிப்பு. வருடம் திரும்பினால் அதே வெள்ளிக்கு வட்டம், அதாவது தள்ளுபடி, கழித்துத்தான் எடுப்பார்கள். பழைய காசை வாங்கி உருக்கி மறுபடி அடித்தவர்கள் சேட்டுகள். ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுவந்த வெள்ளியும் பெரும்பாலும் அவர்கள் கை வழியாகத்தான் காசானது. டெல்லிக்குப் போகும் வரிப்பணம் அவர்களுடைய உண்டியலில், அதாவது ஓர் ஊரில் கட்டிய பணத்தை வேறு ஊரில் பெறும் சீட்டில், போனது. ஜமீன்தாருக்கு வரி கட்டக் கடனும் அவர்களே கொடுத்தார்கள். அப்புறம் நவாப் அவர்களைப் பகைத்துக்கொண்டு எப்படி ஆள முடியும்?

1740-இல் நவாப் சர்ஃபராஸ் கானை வீழ்த்தி அலிவர்தி கான் பதவிக்கு வந்தபோதே, அன்றைய ஜகத் சேட்டான ஃபதே சந்த் அலிவர்தி பக்கம் நின்றார். 1757 அதன் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன்.

முடிவையும் கட்டாயம் எழுதுங்கள். 1763-இல் நவாப் மீர் காசிம், சேட் குடும்பத் தலைவர்களான மஹ்தாப் சந்தையும் ஸ்வரூப் சந்தையும் கொன்றார். 1772-இல் கருவூலம் கல்கத்தாவுக்குப் போனது, குடும்பத்தின் பிடியும் போயிற்று.