நெருப்பு வந்த கையோடு அணைகிறதே, ஏன்?
ஃபர்னஸ், ஏசி: வாசகர் கேள்வி பதில்

(கனடாவின் ஒன்ராறியோவில், காஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சென்ட்ரல் ஏசியும் உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்)

கேள்வி: எங்கள் ஃபர்னஸுக்குப் பதினொரு வயது. சூட்டைக் கூட்டினால் உள்ளே சின்ன விசிறி ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் நெருப்பும் தெரிகிறது. ஐந்தாறு வினாடிதான், அணைந்துவிடுகிறது. மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு, ஒரு மணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. வந்து பார்த்தவர் "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: வாங்குவதற்கான தாளில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு முதல் சந்தேகம் ஃபிளேம் சென்சர் மீதுதான். போர்டு, அதாவது ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகை, கடைசியில் வர வேண்டிய சந்தேகம்.

ஃபர்னஸ் எப்போதும் ஒரே வரிசையில்தான் வேலை செய்யும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஓடுவது இண்டியூசர். எரிந்த புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி அது. புகை போகும் வழி திறந்திருக்கிறது என்று பிரஷர் சுவிட்ச் உறுதி சொன்ன பிறகு, நெருப்பு மூட்டும் இக்னைட்டர் சூடேறிப் பழுக்கும். அதற்கு ஏறக்குறைய 15 முதல் 30 வினாடி பிடிக்கும். பிறகு 'டிக்' என்ற சத்தத்தோடு காஸ் வால்வு திறக்கும். நெருப்பு முதல் பர்னரில் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மறுகோடி வரை ஓடும். அந்தக் கோடியில், நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அடியில் வெள்ளைப் பீங்கான், பின்னால் ஒற்றை வயர். அதுதான் ஃபிளேம் சென்சர்.

நெருப்பின் வழியாகவும் மின்சாரம் துளியளவு பாயும். அந்தத் துளியைத்தான் கம்பி போர்டுக்குச் சொல்கிறது. மைக்ரோ ஆம்பியரில் அளந்தால் பல ஃபர்னஸ்களில் 2 முதல் 6 வரை காட்டும். கம்பியில் மெல்லிய படலம் படியப் படிய அளவு இறங்கும். 1-க்குக் கீழே போனால் பல போர்டுகள் 'நெருப்பு இல்லை' என்று முடிவு கட்டி வால்வை மூடிவிடும். அப்படித்தான் மூட வேண்டும். எரியாத காஸ் உள்ளே நிறைந்துவிடக் கூடாதல்லவா? சில முறை முயன்று பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஒதுங்கியிருப்பதும் அதே பாதுகாப்புக்காகத்தான்.

உங்கள் வீட்டில் நெருப்பு வருகிறது. அப்படியென்றால் இண்டியூசர், பிரஷர் சுவிட்ச், இக்னைட்டர், வால்வு நான்கும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன. தடங்கல் அதற்கு அடுத்த படியில்.

ஒன்ராறியோவில் காஸ் சாதனத்தில் கைவைக்க டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ள டெக்னீசியன் வேண்டும். வீட்டு ஃபர்னஸ் என்றால் பெரும்பாலும் ஜி2 சான்றிதழ் உள்ளவர் வருவார். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அவர் மின்சாரத்தையும் காஸையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு திருகைக் கழற்றிக் கம்பியை வெளியே எடுப்பார். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லாலோ, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலோ பளிச்சென்று தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுவார். மணல்தாள் கூடாது, கம்பியில் கீறல் விழும், அந்தக் கீறலில் படலம் இன்னும் வேகமாகப் பிடிக்கும். தேய்ப்பதற்கு முன் எத்தனை மைக்ரோ ஆம்பியர், பின் எத்தனை என்று இரண்டு எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் ஏறி, நெருப்பும் நின்று எரிந்தால் வேலை முடிந்தது.

ஏறவில்லையா? பீங்கானில் விரிசல், துருப்பிடித்த பர்னர், தளர்ந்த எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். யாராவது மின் இணைப்பில் கை வைத்திருந்தால் ஹாட், நியூட்ரல் என்ற இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகே போர்டு.

அவர் வருவதற்கு முன் உங்களால் முடிந்த உதவி ஒன்று உண்டு. ஃபர்னஸ் கதவில் சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கும். அதனுள்ளே மினுக்கும் விளக்கு எத்தனை தடவை மினுக்கி நிற்கிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் கதவுச் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டும், சில மாடல்களில் அந்தக் கணக்கும் அழிந்துபோகும். எந்த எண்ணுக்கு எந்தப் பழுது என்ற அட்டவணை பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கதவுச் சுவிட்சை டேப் போட்டு அமுக்கி வைத்து ஓட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையிலிருந்து சின்ன விசிறி மட்டும் ஓடுகிறது, நெருப்பே வரவில்லை.
– வாசகர், ஏஜக்ஸ்

பதில்: மேலே சொன்ன வரிசையில் இரண்டாம் படியில், பிரஷர் சுவிட்சில் நிற்கிறது. வெளியே போங்கள். சுவரிலிருந்து நீட்டியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களில் ஒன்று காற்றை இழுக்கிறது, மற்றது புகையை விடுகிறது. பனி மூடியிருந்தால் கையால் விலக்குங்கள். சவளால் இடித்தால் குழாய் உடையும். சுற்றிலும், கீழேயும் குறைந்தது 30 சென்டிமீட்டர் வெளி விடுங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

குழாய் சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் தண்ணீர் வடியும் வழியைப் பாருங்கள். இந்த வகை ஃபர்னஸ் புகையிலுள்ள ஈரத்தையும் குளிரவைத்து வெப்பத்தைப் பிழிந்தெடுக்கிறது, கடுங்குளிரில் ஒரு நாளைக்கே பல லிட்டர் தண்ணீர் விடும். வடிகுழாய் மடிந்தாலோ, அடியிலுள்ள டிராப்பில் (தண்ணீர் தேங்கி வடியும் சின்னக் கிண்ணம்) வழுவழுப்பு அடைத்தாலோ தண்ணீர் பின்வாங்கும், பிரஷர் சுவிட்ச் மூடாது. குழாய் மடிந்திருந்தால் நீங்களே நிமிர்த்தலாம். டிராப்பைக் கழற்றிக் கழுவுவதை டெக்னீசியனிடம் விடுங்கள்.

கேள்வி: ஜூலையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, குளிர்மை இல்லை. ஃபர்னஸுக்கு மேலே போகும் செப்புக் குழாயில் பனிக்கட்டி. ஒவ்வொரு கோடையிலும் காஸ் நிரப்ப வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், பிரம்ப்டன்

பதில்: அவர்கள் 'காஸ்' என்று சொல்வது ஏசியிலுள்ள குளிரூட்டியை. அது கார் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஓட்டையைத் தேடாமல் வருடாவருடம் நிரப்புவது உங்கள் காசைக் காற்றில் விடுவதுதான்.

ஆனால் பனிக்கட்டிக்குக் கசிவைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. ஃபர்னஸுக்கு மேலே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளின் ('காயில்') மேல் போதிய காற்று ஓடாவிட்டாலும் கட்டி பிடிக்கும். முதலில் தெர்மோஸ்டாட்டில் 'கூல்' அணைத்து, விசிறியை மட்டும் 'ஆன்' செய்யுங்கள். முழுக்க உருகச் சில மணி நேரம் பிடிக்கும், அதுவரை ஃபர்னஸைச் சுற்றிப் பழைய துவாய்களைப் போட்டு வையுங்கள். கட்டியோடு ஓட்டவே வேண்டாம். குளிரூட்டி திரவமாகவே வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரெஸருக்குத் திரும்பினால் கம்ப்ரெஸர் போய்விடும், அது பெரிய செலவு. உருகியதும் ஃபில்டரை மாற்றி, எல்லா அறைகளின் காற்று வாய்களையும் திறந்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். சாதாரண வெப்பமானியால் உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 11 பாகை செல்சியஸ் இருந்தால் நலம். அதற்குக் குறைவு என்றாலோ, மறுபடி கட்டி பிடித்தாலோ கசிவைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

வெளிப்பெட்டியையும் கவனியுங்கள். ஜூனில் காட்டன்வுட் மரத்துப் பஞ்சு பறந்து வந்து போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பக்கத்துச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பட்டால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போக வழியிருக்காது. பெட்டி முனகுகிறது, விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பழுது கப்பாசிட்டரில், அதாவது மோட்டாரைக் கிளப்ப மின்சாரத்தைச் சேமித்துத் தரும் பாகத்தில். அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொடாதீர்கள்.

கேள்வி: கடையிலே மிக விலை கூடிய ஃபில்டர் வாங்கினேன். அதற்குப் பிறகு ஃபர்னஸ் அடிக்கடி நிற்கிறது.
– வாசகி, மார்க்கம்

பதில்: ஒரு அங்குலத் தடிப்பில் மெர்வ் 13 போட்டிருப்பீர்கள். மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான எண். நெருக்கமான நெய்தல், காற்று திணறும், உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்ச் நெருப்பை நிறுத்தும். ஒரு அங்குலத்துக்கு மெர்வ் 8 போதும். இன்னும் சுத்தமான காற்று வேண்டுமானால் நான்கு அங்குல ஃபில்டருக்கு இடம் செய்து கொள்ளுங்கள். அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். மெல்லியதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். தினமும் தாளிப்பும் பொரியலும் நடக்கும் நம் வீடுகளில் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டினால் தட்டினாலும் போகாது. சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டால் ஃபில்டர் அதிக நாள் தாங்கும்.

கேள்வி: பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். ஃபர்னஸ் அறையில்தான் துவைப்பதும், பிளீச், பெயின்ட் டின்கள் வைப்பதும். பயப்பட வேண்டுமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: டின்களை இன்றே அப்புறப்படுத்துங்கள். பெயின்ட், தின்னர் ஆவி தீப்பிடிக்கும். பிளீச் ஆவியிலுள்ள குளோரின் நெருப்பில் பட்டு அமிலமாகி, நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். அதில் ஓட்டை விழுந்தால் புகை வீட்டுக் காற்றில் கலக்கலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? ஒன்ராறியோவில் 2014 முதல் படுக்கும் இடத்துக்கு அருகே அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். பேஸ்மென்டில் படுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். அலாரம் அலறினால் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 911 அழையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது காஸ் கசிவு. விளக்குச் சுவிட்சைக் கூடத் தொடாமல் வெளியேறி, அங்கிருந்து அழைக்க வேண்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டு. எந்த ஆண்டோடு மாற்ற வேண்டும் என்று முதுகில் அச்சிட்டிருப்பார்கள். சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பாருங்கள்.