பாலைவனத்தில் பூ பார்க்க ஒரு பயணம்

கேள்வி: மார்ச் கடைசியில் தெற்கு கலிபோர்னியாவில் நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது. பாலைவனத்தில் காட்டுப்பூ பூத்த படங்களைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அங்கே போக ஒரே ஆசை. வயது எழுபது, முழங்கால் வலி உண்டு, மலையேற்றம் முடியாது. எங்கே போகலாம்?

பதில்: முதல் வேலையாக அந்தப் படங்களை மறந்துவிடுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூ என்பது எல்லா வருடமும் நடக்காது. டெத் வேலி தேசியப் பூங்காவில் 2005, 2016, அன்சா பொரேகோ பூங்காவில் 2017, 2019 என்று பேர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்குத்தான் அது அபூர்வம். ஓராண்டுச் செடிகளின் விதைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். அவற்றின் மேல் முளைக்க விடாமல் தடுக்கும் ஒரு பூச்சு இருக்கிறது, நல்ல மழை பெய்து அதைக் கழுவினால்தான் முளை வரும், அதுவும் இலையுதிர்காலத்தில் தொடங்கி குளிர்காலம் முழுக்க விட்டு விட்டுப் பெய்ய வேண்டும், அப்புறம் வெயில் மெதுவாக ஏற வேண்டும், வறண்ட காற்று வீசக் கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் அந்த வருடம் சுமார்தான்.

அதனால் பூ இல்லாவிட்டாலும் நடக்க நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்துப் போவதே புத்திசாலித்தனம். என் யோசனை, பொரேகோ ஸ்பிரிங்ஸில் இரண்டு இரவு, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பக்கம் ஒரு இரவு. டெத் வேலி வேண்டாம். அழகில் குறையில்லை, ஆனால் அங்கே ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாதி நாள் காரிலேயே போய்விடும், முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதை விட அதுதான் கஷ்டம்.

பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்பது அன்சா பொரேகோ மாநிலப் பூங்கா சுற்றிலும் சூழ்ந்திருக்கும் சின்ன ஊர். பூங்கா கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களிலேயே பெரியது, சான் டியாகோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். காலையில் முதலில் ஹெண்டர்சன் கேன்யன் சாலைக்குப் போங்கள். நல்ல வருடமாக இருந்தால் சாலையோர மணலிலேயே ஊதா நிற வெர்பீனாவும் வெள்ளை ப்ரிம்ரோஸும் கலந்து கிடக்கும், காரை விட்டு இறங்கினால் போதும். ப்ரிம்ரோஸ் சாயங்காலம் விரியும் பூ, வெயில் ஏறினால் வாடிவிடும், ஆகவே எட்டு மணிக்கே அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

பூங்காவின் பார்வையாளர் மையத்திலிருந்து முகாம் இடம் வரை தளம் போட்ட ஒரு பாதை உண்டு, சக்கர நாற்காலியே போகும், அம்மாவுக்கு அது சரியாக இருக்கும். பிரபலமான பாம் கேன்யன் பாதை போய்வர சுமார் ஐந்து கிலோமீட்டர், போகப் போகக் கல்லும் பாறையும். கலிபோர்னியா விசிறிப் பனைகள் அதன் கடைசியில் இருக்கின்றன, அதற்காக அம்மாவை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே பூவும் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் வளைந்த கொம்புள்ள காட்டு ஆடும் தென்படும்.

மழை ஏமாற்றினாலும் ஓகோட்டியோ (ocotillo) என்ற செடி அநேகமாகக் கைவிடாது. முள் குச்சிகளைக் கட்டி நட்டு வைத்த மாதிரி இருக்கும் அந்தச் செடியின் நுனிகளில் வசந்தத்தில் சிவப்புப் பூக்கொத்து வரும், அதைத் தேடி தேன்சிட்டை விடச் சின்னதான ஹம்மிங்பேர்டும் வரும். எனக்கு வெர்பீனாக் கூட்டத்தை விட இதுதான் பிடிக்கும்.

மூன்றாம் நாள் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு தெற்கு வாயிலான காட்டன்வுட் வழியாக உள்ளே போங்கள். தெற்குப் பக்கம் தாழ்வு, வடக்கே போகப் போக நிலம் உயரும். பூக்கும் காலமும் அப்படியே மேலேறும், கீழே பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவது மேலே ஏப்ரலில் வரும். கீழே முடிந்துவிட்டதென்றால் மேலே போய்ப் பாருங்கள், மேலே இன்னும் வரவில்லையென்றால் கீழே இறங்குங்கள். வழியில் சோயா (cholla) கள்ளித் தோட்டம் இருக்கிறது, நானூறு மீட்டர் சுற்று, சமதரை. பார்க்கப் பஞ்சு போலத் தெரிந்தாலும் முள் லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும், ஒரு சீப்பு கையில் இருந்தால் கள்ளித்துண்டைக் கையால் தொடாமல் தட்டிவிடலாம். மேலே கேப் ராக் சுற்றுப்பாதை அறுநூறு மீட்டர் சொச்சம், அதுவும் எளிது.

கேள்வி: அறையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பூ இருக்குமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஜனவரி முடிவதற்குள் மழை பெய்ததா என்று பாருங்கள், அதுவே பாதி விடை. ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். மார்ச்சிலிருந்து மே வரை தியோடர் பேய்ன் அறக்கட்டளை வாராவாரம் தெற்கு கலிபோர்னியாவில் எங்கே என்ன பூத்திருக்கிறது என்று வெளியிடுகிறது, பூங்காக்களும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. இன்ஸ்டாகிராமை நம்பிக் கிளம்பாதீர்கள், அந்தப் படம் என்றைக்கு எடுத்தது என்று யாருக்குத் தெரியும். சில நாளிலேயே எல்லாம் மாறும். ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக வந்துவிட்டால் ஒரு வெளியையே மொட்டையடித்துவிடும். அப்படி ஆனாலும் வருத்தப்படாதீர்கள், தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் ஸ்வெயின்சன் பருந்துகள் அந்தப் புழுக்களைத் தின்ன அங்கே இறங்கும், அதுவும் ஒரு காட்சிதான்.

கேள்வி: பாம்பு இருக்குமா?

பதில்: இருக்கும். வெயில் ஏறத் தொடங்கினதும் சாரைப் பாம்பு அல்ல, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பே வெளியே வரும். பாதையில் நடங்கள், பார்க்காமல் கல்லுக்கு அடியில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து குடும்பப் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2019-ல் லேக் எல்சினோர் பக்கம் வாக்கர் கேன்யனில் பாப்பிப் பூ பார்க்கப் பெருங்கூட்டம் வந்து ஊரே ஸ்தம்பித்து, பாதையை மூட வேண்டியதாயிற்று. மிதிபட்ட செடி விதை விடாது, அடுத்த நல்ல மழைக்கு அங்கே முளைக்க விதை குறைந்துவிடும். பாதை ஓரத்திலேயே குனிந்து போனைத் தரையோடு தரையாகப் பிடித்தால் நடுவில் நிற்கிற மாதிரியே படம் வரும். பறிப்பதும் கூடாது, பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம்.

கேள்வி: செலவு, தண்ணீர், பெட்ரோல் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: ஜோஷுவா ட்ரீயில் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அம்மா அமெரிக்கக் குடிமகளோ நிரந்தரக் குடியிருப்பாளரோ என்றால் 62 வயதுக்கு மேற்பட்டோருக்கான வருடாந்திரச் சீட்டு 20 டாலருக்குக் கிடைக்கும், விசாவில் வந்தவர்களுக்குக் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும், மீந்தால் மீதி. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னலும் பல இடங்களில் வராது, வரைபடத்தை முந்தின இரவே இறக்கி வையுங்கள். நடைக்குக் காலை பதினோரு மணி வரைதான், அப்புறம் அறை, திரும்ப சாயங்காலம். ராத்திரிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பகலில் வெயில் கொளுத்தினாலும் இருட்டினதும் குளிர் சட்டென்று இறங்கும்.