வாசகர் கேள்வி – பதில்: கிறிஸ்துமஸ் கேரல் பாடக் கிளம்பும் முன்

கேள்வி: எங்கள் குழுவில் பதினைந்து பேர். ‘சைலன்ட் நைட்’ பாடும்போது கடைசி வரிக்கு வந்தால் பாதிப் பேர் கத்துகிறார்கள், மீதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எந்தக் கட்டையில் எடுப்பது?

பதில்: 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் முதன்முதலாகப் பாடப்பட்ட பாட்டு அது. இரண்டு தனிக்குரல், பின்பாட்டுக்குக் குழு, கூடவே ஒரு கிடார் என்று அமைத்திருந்தார்கள். கூட்டமாகப் பாடுபவர்களுக்கு அதன் வீச்சு பெரியது: கீழ் ஸவில் முடிகிறது, முடிவதற்குச் சற்று முன் மேல் மவரை ஏறுகிறது. ஒரு முழு ஸ்தாயி போக இன்னும் நான்காவது சுரம் வரை எட்ட வேண்டும்.

ஒரு கட்டையில், அதாவது ஸவை சியில் வைத்து எடுத்தால், உச்சம் மேல் எஃப். பயிற்சி இல்லாத குரலுக்கு அது கத்தல்தான். ஆறரைக் கட்டைக்கு இறக்கினால் மேல் இ ஃப்ளாட், ஆறு கட்டைக்கு இறக்கினால் மேல் டி. ஆணும் பெண்ணும் கலந்து எல்லோரும் மெட்டையே பாடுவதானால் மேல் டியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆறு கட்டையில் கடைசி ஸ சில பெண்களுக்கு மங்கிப்போகும். போகட்டும், தாழ்ந்த குரல் உள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பெரும்பாலான குழுக்களில் சிக்கல் எங்கே தெரியுமா? முன்னால் நிற்பவர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையைப் பிடித்துவிடுகிறார். எந்தப் பாட்டானாலும் முதலில் அதன் உச்ச சுரத்தையும் அடி சுரத்தையும் கண்டுபிடியுங்கள். குழுவில் குரல் வீச்சு குறைந்தவரைக் கூப்பிட்டு அந்த இரண்டையும் பாடச் சொல்லுங்கள். அவருக்கு எட்டுகிற கட்டைதான் உங்கள் கட்டை. அதைப் பாட்டுத்தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஸ்ருதி கொடுத்துத்தான் தொடங்குகிறோம். ஆனாலும் சில பாட்டுகள் பாதாளத்தில் தொடங்குகின்றன. ஏன்?

பதில்: ஸவை மட்டும் கொடுத்திருப்பீர்கள். எல்லாப் பாட்டும் கீழ் ஸவில் தொடங்குவதில்லை. ‘சைலன்ட் நைட்’ பவில் தொடங்குகிறது. ‘ஜாய் டு த வேர்ல்ட்’ மேல் ஸவில் தொடங்கி அப்படியே கீழ் ஸவரை இறங்குகிறது. காதில் ஸ விழுந்ததும் கூட்டம் அதிலேயே பிடித்துக்கொள்ளும். ‘சைலன்ட் நைட்’ அப்படித் தொடங்கினால் பாட்டு முழுவதும் ஐந்து சுரம் கீழே போய்விடும். கடைசி ஸ யாருக்கும் எட்டாது.

ஸ–க–ப மூன்றையும் முனகிக் காட்டி, தொடக்க சுரத்தில் வந்து நில்லுங்கள். எல்லோரும் அதே சுரத்தை வாய்மூடி ஒருமுறை முனகட்டும். பிறகு பாட்டின் வேகத்திலேயே கையசைத்து, மூச்சு எடுப்பதையும் அந்தத் தாளத்திலேயே காட்டித் தொடங்குங்கள். போனில் ஒரு ட்யூனர் ஆப் (பாடும் சுரம் எது என்று காட்டுவது) இருந்தால் ஸ்ருதி எடுக்க அது போதும்.

கேள்வி: வாத்தியம் இல்லாமல் பாடினால் மூன்றாவது சரணத்துக்குள் முக்கால் கட்டை இறங்கிவிடுகிறோம்.

பதில்: வாத்தியம் இல்லாத குழுவுக்கு எல்லா இடத்திலும் வரும் நோய் இது, காரணமும் ஒன்றல்ல. இறங்கும்போது சுரத்துக்குச் சுரம் இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாக இறக்குகிறோம். ஏறும்போது கொஞ்சம் குறைவாக ஏற்றுகிறோம். கவும் நியும் தாழ்ந்தே விழும். ஒரே சுரம் நாலைந்து முறை அடுத்தடுத்து வந்தால் மூச்சு தளரத் தளர அதுவும் சரியும். வேகம் குறைந்தால் வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்து, வரிக் கடைசி எல்லாம் தொங்கும்.

பொத்தாம் பொதுவாக “ஸ்ருதியைக் கவனியுங்கள்” என்று சொல்வதால் பலன் இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி ட்யூனரில் பாருங்கள். அநேகமாக ஒன்றிரண்டு இடத்தில்தான் இறக்கம் இருக்கும். அந்த இடத்தை மட்டும் பத்து முறை பாடுங்கள்: இறங்கும் படிகளைச் சிறிதாக வையுங்கள், கவையும் நியையும் சற்று உயர்த்தி நினையுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல், பக்கத்தில் நிற்பவரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே பழகுங்கள்.

இவ்வளவும் செய்து இறக்கம் நிற்கவில்லை என்றால் கட்டையை அரை ஏற்றிப் பாருங்கள். இறக்கவேண்டிய இடத்தில் ஏற்றச் சொல்கிறோமே என்று தோன்றும். சில பாட்டுகளில் மெட்டு, குரல் உடையும் இடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். அரைக் கட்டை நகர்த்தினால் அந்த இடத்திலிருந்து தப்பிவிடுவீர்கள்.

எல்லோரும் சேர்ந்தே இறங்கினால் கேட்பவருக்குத் தெரியாது. நடுவில் கீபோர்டு சேர்ந்தால் மட்டும் மானம் போகும். ஆகவே தொடக்கம் முதல் வாத்தியம், இல்லையென்றால் கடைசி வரை வேண்டாம்.

கேள்வி: ஒன்பது பேர்தான் இருக்கிறோம், அதில் ஆண்கள் இரண்டே பேர். நான்கு பாகமாகப் பாட முடியுமா?

பதில்: முடியும், நன்றாக இருக்காது. டெனருக்கு (ஆண்களின் மேல் குரல்) ஒருவர், பாஸுக்கு (ஆண்களின் கீழ்க் குரல்) ஒருவர் என்று நிறுத்தினால் ஒருவருக்கு இருமல் வந்தால் ஒரு பாகமே காணாமல் போகும். மெட்டுக்கு நால்வர், ஆல்ட்டோவுக்கு (பெண்களின் கீழ்க் குரல்) மூவர், ஆண்கள் இருவரும் சேர்ந்து ஒரே கீழ்ப்பாகம் என்று மூன்று பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரணத்தை எல்லோரும் ஒரே குரலில் பாடி, இரண்டாவதில் பிரியுங்கள். கடைசிச் சரணத்தில் மெட்டுக்கு மேலே டெஸ்கண்ட் (மெட்டை விட உயரத்தில் பாடும் கூடுதல் பாகம்) வேண்டுமானால் ஒருவர் போதும். இருவர் ஏறினால் மெட்டு ஆள் இல்லாமல் தவிக்கும்.

நோட்டு இல்லாமல் காதாலேயே ஆல்ட்டோ பிடிப்பவர்கள் மெட்டுக்கு மூன்றாவது சுரம் கீழே பாடுவார்கள். கவுக்கு ஸ, பவுக்கு க, மவுக்கு ரி, ரிக்கு கீழ் நி என்று பெரும்பாலும் அது பொருந்தும். மாட்டிக்கொள்வது ஸவில். ஸவுக்கு மூன்றாவது கீழ் சுரம் த. பாட்டின் முடிவில் மெட்டு ஸவில் நிற்க, ஆல்ட்டோ தவில் நின்றால் முடிவே சோகமாகிவிடும். அங்கே ஆல்ட்டோ பவுக்கு இறங்க வேண்டும். இந்த ஒரு இடத்தைத் தனியாகப் பழகுங்கள்.

ஆல்ட்டோவை முதலில் தனியாக, சொல் இல்லாமல் ‘லா’ என்று பாடவைத்து, பிறகு மெட்டோடு சேருங்கள். மெட்டு பாடுகிறவர்கள் பாதி சத்தத்தில் பாடட்டும். பழக்கத்தில் ஆல்ட்டோ மெட்டுக்குத் தாவினால், பாகம் இன்னும் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம், ‘லா’வுக்கே திரும்புங்கள்.

கேள்வி: தெருவில் நடந்துகொண்டே பாடினால் முன்வரிசையும் பின்வரிசையும் ஒட்டுவதே இல்லை.

பதில்: ஒட்டாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வரிசை 34 மீட்டர் நீண்டால் முன்னால் இருப்பவர் குரல் பின்னால் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பின்வரிசை தன் காதுக்குச் சரியாகவே பாடினாலும் முன்வரிசைக்குத் தாமதமாகத்தான் கேட்கும். தாளம் தட்டுபவரை நடுவில் நிறுத்துங்கள், மூன்று மூன்று பேராக நெருங்கி நடங்கள். நடக்கும்போது இரண்டு, நான்கு தட்டுத் தாளமுள்ள பாட்டுகளை ஒரே குரலில் பாடுங்கள். மூன்று தட்டுப் பாட்டு காலோடு சண்டை போடும். பாகம் பிரித்துப் பாடுவதெல்லாம் நின்ற பிறகுதான்.

நிற்கும்போது இரண்டு வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி, அரைவட்டமாக. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் சத்தம் முன்னால் போகும். திறந்த வெளி என்றால் பாதி கரைந்துவிடும். காற்றை எதிர்த்து நிற்காதீர்கள்.

கேட்கவில்லை என்று கத்துவதை விட சொல்லைத் தெளிவாக்குவது நல்லது. தமிழில் பாடும்போது ன், ம், ல் என்று முடியும் சொற்கள் அதிகம். நீளமான சுரத்தில் பலர் சீக்கிரமே அந்த மெய்க்குப் போய் முனக ஆரம்பிக்கிறார்கள். உயிரிலேயே நின்று நீட்டுங்கள், மெய்யைக் கடைசித் தட்டில் எல்லோரும் ஒன்றாக வையுங்கள். இரண்டாவது வீட்டிலேயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: வீட்டுக்குள் ஸ்ருதி சேர்த்த கிடார், குளிரில் புல்லாங்குழலோடு சேரவில்லை.

பதில்: குளிரில் கம்பி சுருங்கி இறுகும், ஸ்ருதி ஏறும். புல்லாங்குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஸ்ருதி இறங்கும். இரண்டும் எதிர்த் திசையில் போவதால்தான் அவ்வளவு பிசகு. வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சேருங்கள். குழலை முதலில் ஊதிச் சூடாக்கி, அதற்குக் கிடாரைச் சேர்ப்பது சுலபம். டாம்பரின் ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் நாளே தொண்டை கட்டிக்கொள்கிறது.

பதில்: கிளம்பும் முன் பத்து நிமிடம் முனகலில் தொடங்கிக் குரலைச் சூடாக்குங்கள். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொண்டையைக் கனைக்காதீர்கள், விழுங்குங்கள். வீட்டுக்கு வீடு போகும் இடைவெளியில் சத்தமாகப் பேசுவதுதான் பாட்டை விட அதிகம் கெடுக்கும். கட்டியபின் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, பேசாமலிருப்பதே ஓய்வு. இரண்டு மூன்று வாரமாகியும் குரல் தெளியவில்லை என்றால் காது–மூக்கு–தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாட்டுத்தாள் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: ஒரு தாளில் ஒரு பாட்டு, எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல். சரணம் தாளின் பின்பக்கம் தாவக்கூடாது. எட்டுப் பாட்டு போதும். இருபது பாட்டை அரைகுறையாகச் சுமப்பதில் பயன் இல்லை. முதல் சரணம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும், தலை நிமிர்ந்திருந்தால்தான் கையசைப்பவரைப் பார்க்க முடியும். தலையில் மாட்டும் விளக்கு எதிரில் நிற்பவர் கண்ணைக் கூசவைக்கும்; தாளில் மாட்டும் சிறிய கிளிப் விளக்கு நல்லது. பழைய மெட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும் புதிய மொழிபெயர்ப்புக்கும் புதிய பாக அமைப்புக்கும் உரிமை இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நகல் எடுங்கள்.