எட்டு மாதக் குழந்தையோடு ரயில் அருங்காட்சியகம் போகலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு மாதம் நடக்கிறது. என் கணவருக்குச் சிறுவயது முதலே ரயில் மீது தீராத ஈடுபாடு. குழந்தையையும் தூக்கிக்கொண்டு மைசூருவிலோ திருச்சியிலோ உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வர வேண்டும் என்கிறார். "பச்சைப் பிள்ளைக்கு அங்கே என்ன தெரியப்போகிறது? மூன்று வயதாகட்டும், போகலாம்" என்பது என் மாமியாரின் கருத்து. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: போய்வாருங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று வயதில் பார்த்தால் குழந்தை இன்னும் நிறையக் கேட்கும், சில நினைவில்கூட நிற்கலாம். ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது என்று எண்ண வேண்டாம். பிறந்த புதிதில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்கு அப்பால் தெளிவாகப் பார்க்க முடியாத கண்கள், இந்த வயதில் தொலைவில் இருப்பதையும் அடையாளம் காண்கின்றன. ஆளுயரச் சக்கரமும், பளபளக்கும் பித்தளை மணியும் அவளை வியக்கவைக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றித் தன் தகப்பன் முகம் மலர்ந்து பேசுவதை அவள் அருகிலிருந்து கேட்பது. முகம் பார்த்துப் பேசுகிறவர்களின் குரலிலிருந்துதான் குழந்தைகள் மொழியைக் கற்கிறார்கள். அந்தப் பேச்சு நீராவி இன்ஜினைப் பற்றியதாக இருந்தால் என்ன குறைவு?

இரண்டில் திருச்சியையே நான் சொல்வேன். 1979-இல் தொடங்கப்பட்ட மைசூரு அருங்காட்சியகத்தில் அரச குடும்பத்தினர் பயணம் செய்த சலூன் பெட்டி இருக்கிறது. அது பார்க்க வேண்டியதுதான். ஆயினும் பெங்களூரைக் கடந்து அவ்வளவு தூரம் கைக்குழந்தையோடு போவது தாய்க்கே களைப்பு. திருச்சியோ நாமக்கல் வழியாகச் சாலையில் சுமார் 140 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால் இரவுத் தூக்கத்துக்குள் வீடு திரும்பலாம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. ஊட்டி மலை ரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைப் புதிதாகக் கட்டிய பொன்மலைப் பணிமனையும் அங்கேதான் உள்ளது. உங்கள் கணவருக்குச் சொல்லக் கதைகளுக்குப் பஞ்சமிராது. சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் இருந்த அந்தப் பாதைக்கும், இன்றைய 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கும் உள்ள வேறுபாடு, பழைய இன்ஜின் அருகே நின்று பார்க்கும்போதுதான் மனத்தில் பதியும். முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த ரயிலில் போன அனுபவம் அவருக்கு இருந்தால், உங்கள் கணவருக்கும் தெரியாத செய்திகளை அவர் சொல்லக்கூடும்.

கவனம் தேவைப்படுவது குழந்தையின் கைகளில்தான். எட்டு மாதத்தில் தொட்டதெல்லாம் வாய்க்குப் போகும். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முற்காலத்தில் ஈயம் கலந்த சிவப்பு வண்ணத்தை அடிப்பூச்சாகப் பூசுவது வழக்கம். வளரும் மூளைக்கு ஈயம் மிகச் சிறிய அளவிலும் கெடுதல். ஆகவே வண்ணம் உரிந்த பழைய பெட்டிகளை அவள் தொடவோ நக்கவோ விடாதீர்கள். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவிவிடுங்கள், துடைப்பது மட்டும் போதாது. வெயிலில் நிற்கும் இரும்பு, நம் உள்ளங்கைக்கே பொறுக்காத அளவுக்குச் சுடும் என்பதால் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, மார்கழி அல்லது தை மாதத்தில் போவது நல்லது. இன்ஜினின் ஏணிப்படி செங்குத்தானது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் ஏற வேண்டாம், ஒருவர் கீழே நின்று அவளை வைத்துக்கொள்ளட்டும். தள்ளுவண்டி ஜல்லியிலும் தண்டவாளத்திலும் சிக்கும். தோளில் கட்டிக்கொள்ளும் துணிப்பை வசதியானது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் போதும். அவள் சிணுங்கினால் அதற்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். வார விடுமுறை என்றைக்கு என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். நான்கு மாதக் குழந்தையோடு இதே போன்ற பயணம் போகலாமா? ரயிலின் ஊதல் ஒலி கேட்டால் வீரிட்டு அழுகிறான்.
– ஒரு தந்தை, ஏற்காடு

பதில்: சில மாதங்கள் பொறுத்திருங்கள் என்பதே என் கருத்து. குழந்தையின் காதுத் துளை சிறியது; கூர்மையான ஒலி பெரியவர்களுக்குக் கேட்பதைவிட அவனுக்கு அழுத்தமாகவே கேட்கும், ஆகவே அந்த அழுகை வெறும் பயம் அன்று. மேலும் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய பிறகுதான் உங்கள் பயணமே தொடங்குகிறது. இறங்கும்போது காது அடைப்பதால் அவனுக்கு வலிக்கலாம். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திப் பால் கொடுத்தால், உறிஞ்சி விழுங்கும்போது அந்த அடைப்பு விலகும். ஆறு மாதம் நிறையும்வரை வெயில் நாளிலும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் தேவையில்லை. அதுவரை, எப்போதேனும் வேலையாகச் சேலம் வரும்போது, ஜங்ஷனுக்கு வெளியே சற்றுத் தள்ளி, ஊதல் மெலிதாகக் கேட்கும் இடத்தில் நின்று, அவன் காதைப் பொத்தியபடி ஒரு ரயில் போவதைக் காட்டுங்கள்.