நித்தியகல்யாணியில் மருந்துச் சத்தைக் கூட்ட முடியுமா?

தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்துச் சத்தை உயிர்த்தொழில்நுட்பத்தால் கூட்ட இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும், ஆனால் உரமிட்டுச் செழிப்பாக வளர்ப்பது மட்டும் போதாது. காசிமேட்டு உப்புக்காற்றிலும் வாடாத இச்செடியில் வின்பிளாஸ்டின் என்னும் அந்தப் புற்றுநோய் மருந்து மிகச் சொற்பம். ஒரு கிராமுக்கே நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். (அதற்காக இலையை மென்றுவிட வேண்டாம், அது நஞ்சு.)

பூச்சி கடித்தால் செடிக்குள் சுரக்கும் ஜாஸ்மோனேட் என்னும் எச்சரிக்கைப் பொருளை ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கோ வேர்களுக்கோ சிறிதளவு கொடுத்தால், தாக்குதல் நேர்ந்ததாகக் கருதி அவை ஆல்கலாய்டு (வின்பிளாஸ்டின் போன்ற தாவர வேதிப்பொருள்) உற்பத்திக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. ஒருவகை மண் பாக்டீரியா தன் மரபணுத் துண்டை வேருக்குள் செலுத்தும்போது, ஹார்மோன் சேர்க்காமலே விரைந்து வளரும் மயிர்வேர்கள் கிடைக்கின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வின்பிளாஸ்டின் என்பது கேதரான்தின், விண்டோலின் என்னும் இரு பகுதிகளின் இணைப்பு. விண்டோலினின் இறுதிப் படிகள் ஒளிபடும் பசுந்தளிரின் தனித்த செல்களில் நடப்பதால், வேர்களும் உருப்பெறாத செல் திரள்களும் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. செல் வளர்ப்பே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை: ஜப்பானில் 1983-லேயே ஷிகோனின் என்னும் செந்நிறத் தாவரப் பொருள் அம்முறையில் வணிக அளவில் தயாரானது. நித்தியகல்யாணிக்கோ, 2022-இல் ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்று, அதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் பொருத்தி இரு பகுதிகளையும் பெற்று, பின்னர் வேதிமுறையில் இணைத்தனர்.