உப்பளத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு ஏன் ஒத்துக்கொள்கிறார்கள்? பேசி வாங்க முடியாதா?

கட்டுப்படியாகாவிட்டால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரி, ராமநாதபுரம் கடற்கரையில் திருப்பாலைக்குடி, உப்பூர் பக்கம் அந்த வேறு வேலை என்ன? கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடலாம். கடலுக்குப் போகலாம். மழை ஏமாற்றாத வருடம் மானாவாரி வயலில் களையெடுப்பு கிடைக்கும். பெண்களுக்கு இதிலும் முக்கால்வாசி கிடையாது.

என் அம்மா தனியார் அளம் ஒன்றில் உப்பு வாரியவர். பேசத் தெரியாதவர் இல்லை. மீன் விற்க வருகிறவரிடம் பத்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். கணக்கப்பிள்ளை முன்னால் மட்டும் வாயே திறக்க மாட்டார். காரணம் அட்வான்ஸ். அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை பாத்தியெல்லாம் தண்ணீர்தான். வேலை நின்றுவிடும், தீபாவளி நிற்காது. முன்பணம் வாங்காமல் எப்படி ஓட்டுவது? அதை வாங்கிய அன்றே அடுத்த சீசன் கூலியும் முடிவாகிவிடும்.

முதலாளிக்கு அந்த அவசரம் இல்லை. உப்பு மீன் போல மறுநாளே நாறிப்போகும் சரக்கல்ல. விலை இறங்கினால் குவித்து மூடி வைத்துக் காத்திருப்பார். காத்திருக்க முடிகிறவர் சொல்வதுதான் விலை.

சட்டம் இல்லாமலில்லை. குறைந்தபட்சக் கூலிக்கு 1948-லேயே சட்டம் வந்தது. கடனுக்காக ஆளை வேலையில் கட்டிப்போடக் கூடாது என்று 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த மழைக்கு யார் முன்பணம் தருவார்?

நூறு நாள் வேலை வந்தபோது, 'ஆளே கிடைக்கவில்லை, எல்லாரும் சோம்பேறியாகிவிட்டார்கள்' என்று பலர் புலம்பியது நினைவிருக்கும். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கிடைத்ததே! மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாயையும் அப்படித்தான் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு அது காணாது. ஆனாலும் அவ்வளவுக்கு அட்வான்ஸ் குறைகிறது.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பணம் அனுப்பத் தொடங்கிய வருடம் அம்மா முன்பணம் வாங்கவில்லை. சீசன் தொடங்கியதும் கூட்டிக் கேட்டார். கேட்டதில் பாதி ஏற்றினார்கள். காலுக்கு பூட்ஸும் கேட்டிருந்தார். அது வரவில்லை.